உங்கள் நிரலைப் பார்க்காதவருக்காக: திறந்த காப்பகக் கோப்பு வடிவத்தில் சுருக்கத்தை ஆவணப்படுத்தும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பகக் கோப்பை விரித்துப் படிக்கும் நிரல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. வடிவம் திறந்தது; ஸ்பெக், அதாவது வடிவத்தை வரையறுக்கும் ஆவணம், பொதுவில் கிடந்தது. பெயர் வேண்டாம். சுருக்கம் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி: தரவு ஸீலிப் கொண்டு சுருக்கப்பட்டிருக்கும். ஸீலிப் நூலகத்தை எடுத்தேன், பைட்டுகளைக் கொடுத்தேன், ஹெடர் (தொடக்கத்தில் வரும் அடையாளப் பகுதி) தவறு என்று திருப்பிக் கொடுத்தது. ஆஃப்செட்டை (படிக்கத் தொடங்கும் பைட்டின் இட எண்ணை) ஒன்று கூட்டிப் பார்த்தேன், இரண்டு கழித்துப் பார்த்தேன். ஒன்றரை நாள் கழித்துத்தான் தெரிந்தது: எழுதியவர் பயன்படுத்தியது ஸீலிப் நூலகம், கோப்பில் வைத்ததோ ஸீலிப் உறை இல்லாத வெறும் டிஃப்ளேட், அதாவது ஸீலிப் உள்ளே பயன்படுத்தும் சுருக்க முறையின் பைட்டுகள் மட்டும். அவர் பொய் சொல்லவில்லை. தன் நிரலைப் பார்த்து எழுதினார், நான் அந்த நிரலைப் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஒன்றரை நாளை அடுத்தவருக்கு மிச்சப்படுத்த. சொந்தமாக ஒரு வடிவம் வைத்திருப்பவருக்கும், ஏற்கெனவே இருக்கும் ஒரு திறந்த வடிவத்தின் ஆவணத்தைத் திருத்தப் போகிறவருக்கும் இது பொருந்தும். உதாரணங்களுக்கு இரண்டு வடிவங்களைத் தொடர்ந்து பிடித்துக்கொள்கிறேன். ஒன்று ஜிப்: ஃபில் காட்ஸின் பிகேவேர் 1989-ல் வெளியிட்டு, ஆப்நோட் என்ற உரைக்கோப்பில் விவரித்து வரும் வடிவம். இன்னொன்று ஸிம்: ஓப்பன்ஸிம் திட்டம் பராமரிப்பது, இணையம் இல்லாத இடத்தில் கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியா படிப்பது இந்தக் கோப்புகளிலிருந்துதான். தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படிக் கிடைக்கிறது.

பைட் மதிப்புகளை எல்லா இடத்திலும் தசமத்தில் தருகிறேன். பதினாறடிமான எண்கள்தான் ஸ்பெக்குகளில் வழக்கம், உங்கள் ஆவணத்தில் அப்படியே எழுதுங்கள்.

படி 1: விரிப்பவரை மனதில் வைத்து எழுதுங்கள்

முதல் வரைவில் பெரும்பாலோர் எழுதுவது சுருக்கும் கதைதான். முதலில் இதைச் செய்கிறோம், பிறகு இந்த நூலகத்தை இந்த நிலையில் அழைக்கிறோம் என்று போகும். அது உங்கள் என்கோடரின் (சுருக்கும் நிரலின்) நாட்குறிப்பு. ஆவணம் படிப்பவர் எழுதப் போவது பெரும்பாலும் டீகோடர், அதாவது விரிக்கும் நிரல். அவர் கையில் இருப்பது பைட்டுகள் மட்டும்.

பத்து முறை 1 என்ற எழுத்து வரும் ஒரு சிறு உரையை எடுத்துக்கொள்வோம்: 1111111111. ஆஸ்கியில் ஒவ்வொன்றும் 49. இதை ஸீலிப் நூலகத்தின் வழக்கமான நிலையில் சுருக்கினால், உறையை நீக்கிய பின் கிடைக்கும் டிஃப்ளேட் பைட்டுகள் ஐந்து:

51 52 132 1 0

கையால் சுருக்கினால் நான்கே போதும்:

51 132 3 0

இரண்டும் சரி, இரண்டையும் எந்த டீகோடரும் அதே பத்து எழுத்தாக விரிக்கும். ஸீலிப் தன் உள்கட்டமைப்பு காரணமாக உரையின் முதல் இடத்தோடு பொருத்தம் தேடுவதில்லை. அதனால் முதல் இரண்டு 1-ஐ அப்படியே எழுதிவிட்டு, மீதி எட்டை "ஓர் எழுத்து பின்னே போய் எட்டு எழுத்து நகலெடு" என்று குறிக்கிறது. நான் ஒன்றை எழுதிவிட்டு ஒன்பதை நகலெடுக்கச் சொன்னேன். "இந்தக் கோப்பில் இந்தப் பைட்டுகள்தான் வரும்" என்று ஸ்பெக்கில் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தவறாகியிருக்கும்.

டிஃப்ளேட்டின் ஆவணமான ஆர்எஃப்சி 1951 (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஒன்று; எல். பீட்டர் டாய்ச், மே 1996) இந்த இடத்தில் மிகத் தெளிவு. வடிவம் என்ன என்பதற்கு ஒரு பகுதி. சுருக்குவது எப்படி என்பதற்குத் தனிப் பகுதி. இரண்டாவது பகுதி வரையறையில் சேராது, அதைப் பின்பற்றாமலும் ஒத்திசைவான சுருக்கியை எழுதலாம் என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதே பிரிவினையை உங்கள் ஆவணத்திலும் செய்யுங்கள்: ஒரு அத்தியாயம் கட்டாயம், இன்னொன்று பரிந்துரை.

நான்கு பைட்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம், பின்னால் பயன்படும். ஒவ்வொரு பைட்டையும் மிகச் சிறிய மதிப்புள்ள பிட்டிலிருந்து தொடங்கி எழுதினால்:

51 → 1 1 0 0 1 1 0 0
132 → 0 0 1 0 0 0 0 1
3 → 1 1 0 0 0 0 0 0
0 → 0 0 0 0 0 0 0 0

இதை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் படிக்க வேண்டும்.

1 → இதுதான் கடைசித் தொகுதி
1 0 → தொகுதி வகை 1, நிலையான ஹஃப்மன் அட்டவணை (ஒவ்வொரு குறிக்கும் வெவ்வேறு நீளப் பிட் வரிசை)
0 1 1 0 0 0 0 1 → எழுத்து 49
0 0 0 0 1 1 1 → குறியீடு 263, அதாவது நீளம் 9
0 0 0 0 0 → தூரம் 1
0 0 0 0 0 0 0 → முடிவு
0 0 → பைட்டை நிரப்பும் வெற்று பிட்டுகள்

இரண்டாவது வரியில் 1 0 என்று வந்ததை 1 என்று படித்தோம்: சிறிய பிட் முதலில். மூன்றாவது வரியில் வந்ததை அப்படியே இடமிருந்து படித்து 97 என்றோம் (நிலையான அட்டவணையில் எழுத்துகள் 48-ல் தொடங்குகின்றன, 97-ல் 48 போனால் 49): பெரிய பிட் முதலில். ஒரே ஓட்டத்தில் இரண்டு வரிசை! ஹஃப்மன் குறியீடுகள் ஒரு விதம், மற்ற எண்கள் எல்லாம் இன்னொரு விதம். ஆர்எஃப்சி 1951 இதை மறைக்காமல் சொல்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் டிஃப்ளேட்டைப் புதிதாக எழுதும் ஒவ்வொருவரும் இங்கே ஒருமுறை விழுந்து எழுந்திருப்பார்கள். சொல்லியும் சிலர் விழுகிறார்கள், அது வேறு.

இன்னொன்றும் இந்த நான்கு பைட்டில் ஒளிந்திருக்கிறது. தூரம் 1, நீளம் 9: ஓர் எழுத்துதான் வெளியே வந்திருக்கிறது, ஒன்பது நகலெடுக்கச் சொல்கிறோம். நகலெடுக்கும்போதே புதிதாக வந்த எழுத்துகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டு போக வேண்டும். சி மொழியின் மெம்காபியை (நினைவகத் துண்டை மொத்தமாக நகலெடுக்கும் செயலை) நம்பினால் இங்கே குப்பைதான் வரும். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியலாம் என்று ஆர்எஃப்சி ஒரு குட்டி உதாரணத்தோடு சொல்லிவிடுகிறது. படிப்பவர் எங்கே சறுக்குவார் என்று தெரிந்து அங்கே ஒரு வரி வைப்பது இப்படித்தான்.

படி 2: முறையின் பெயரோடு உறையின் பெயரையும் சொல்லுங்கள்

டிஃப்ளேட் ஒன்றுதான், உறைகள் மூன்று. வெறும் டிஃப்ளேட் என்றால் ஆர்எஃப்சி 1951. முன்னால் இரண்டு பைட் ஹெடரும் பின்னால் நான்கு பைட் ஆட்லர்-32 செக்சமும் (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) சேர்ந்தால் ஸீலிப், ஆர்எஃப்சி 1950. 31 139 8 என்று தொடங்கி, கடைசியில் சிஆர்சி-32 என்ற செக்சமும் நீளமும் வந்தால் ஜி-ஜிப், ஆர்எஃப்சி 1952. ஜிப் கோப்பில் முறை எண் 8 என்பது வெறும் டிஃப்ளேட். பிஎன்ஜி படத்துக்குள் இருப்பது ஸீலிப். மூன்றையும் "ஸீலிப் சுருக்கம்" என்று பேச்சில் சொல்கிறோம். ஆவணத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று முதல் பத்தியிலேயே பார்த்தீர்கள்.

இணையத்தின் மையத்திலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. ஹெச்டிடிபியில் "டிஃப்ளேட்" என்ற பெயரில் அனுப்ப வேண்டியது ஸீலிப் உறையோடு கூடியதை. பெயரைப் படித்த சிலர் வெறும் டிஃப்ளேட்டை அனுப்பினார்கள். உறை இல்லாமல் அனுப்பும் செயலாக்கங்களும் உண்டு என்று பிற்காலத்து ஹெச்டிடிபி ஸ்பெக்கே குறிப்பு போட வேண்டியதாயிற்று. பெயர் ஒன்று, பொருள் வேறு.

ஸிம்மிலும் இதன் தங்கை உண்டு. அதன் சுருக்க வகை 4-ஐ எல்இசட்எம்ஏ2 என்பார்கள். உள்ளே இருப்பது எக்ஸ்-இசட் ஓட்டம், அதன் ஹெடரோடு. ஆவணத்தில் இதை அடைப்புக்குறிக்குள் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியிருந்தால் தலைப்பிலேயே போட்டிருப்பேன்.

ஆகவே ஒவ்வொரு முறைக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: முறை, உறை, உறையை வரையறுக்கும் ஆவணத்தின் எண். கூடவே ஓட்டம் எந்தப் பைட்டுகளில் தொடங்கும் என்பதையும் கொடுங்கள். எக்ஸ்-இசட் என்றால் 253 55 122 88 90 0. ஸீ-ஸ்டாண்டர்ட் என்றால் 40 181 47 253. அதற்கு ஆர்எஃப்சி 8878. வெறும் டிஃப்ளேட்டுக்கு அடையாளப் பைட் கிடையாது என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார். பைத்தானில் படிப்பவருக்காக ஒரு துணுக்கு: அதன் ஸீலிப் தொகுதிக்கு விண்டோ (பின்னோக்கிப் பார்க்கும் தூரம்) அளவாக 15-க்குப் பதில் −15 கொடுத்தால் வெறும் டிஃப்ளேட்டை விரிக்கும். இப்படி ஒரு வரி ஸ்பெக்கில் கட்டாயமில்லை, ஆனால் வாழ்த்து வாங்கும்.

படி 3: எது சுருக்கத்துக்கு உள்ளே, எது வெளியே

என் கணக்கில் ஆவணத்தின் முக்கியமான அத்தியாயம் இது.

டார் கோப்பு (பல கோப்புகளை வரிசையாக ஒன்றில் கட்டும் வடிவம்) சுருக்கம் அறியாதது. அதை முழுசாக ஜி-ஜிப்பில் போடுகிறோம். நன்றாகச் சுருங்கும், ஆனால் கடைசிக் கோப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. எதையும் நேரே எடுக்கலாம், ஆனால் ஆயிரம் குட்டிக் கோப்புகள் ஒன்றின் பழக்கத்தை இன்னொன்று அறியாமல் சுருங்கும். ஸிம் இரண்டுக்கும் நடுவில்: பல கட்டுரைகளை ஒரு கிளஸ்டரில் கட்டி, கிளஸ்டரை ஒரு தடவையில் சுருக்குகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் முழுக் கோப்பு நூறு ஜிகாபைட்டை ஒட்டி வரும். அதில் ஒரு கட்டுரைக்காக முழுவதையும் விரிக்க முடியாது, ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாகச் சுருக்கினாலோ இடம் வீணாகும். தமிழுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; முதல் இரண்டு பைட் 224 174 அல்லது 224 175, வேறு எதுவும் வராது. சுருக்கிக்கு இதைவிட இனிய தீனி ஏது?

உங்கள் ஆவணத்தில் இந்த அலகை முதலில் சொல்லுங்கள். பிறகு அலகின் ஒவ்வொரு பைட்டையும் உள்ளே, வெளியே என்று பிரியுங்கள். ஸிம் கிளஸ்டரை எடுத்துச் செய்து காட்டுகிறேன். அதில் வருவன மூன்று:

– தகவல் பைட், ஒன்று. கீழ் நான்கு பிட் சுருக்க வகை. ஐந்தாவது பிட் (மதிப்பு 16) இருந்தால் ஆஃப்செட்டுகள் எட்டு பைட் (நீட்டிக்கப்பட்ட வடிவம்), இல்லையேல் நான்கு. இந்தப் பைட் எப்போதும் சுருக்கத்துக்கு வெளியே.
– ஆஃப்செட் பட்டியல். சுருக்கத்துக்கு உள்ளே.
– தரவுத் துண்டுகள். சுருக்கத்துக்கு உள்ளே.

பட்டியலில் எத்தனை ஆஃப்செட் என்று எங்கும் எழுதியிருக்காது. முதல் ஆஃப்செட் முதல் துண்டின் தொடக்கத்தைக் காட்டுகிறது. அந்தத் துண்டு பட்டியல் முடிந்ததும் தொடங்குகிறது. எனவே முதல் ஆஃப்செட்டை நான்கால் (நீட்டிக்கப்பட்டதென்றால் எட்டால்) வகுத்தால் எண்ணிக்கை. துண்டுகள் அதைவிட ஒன்று குறைவு, ஏனென்றால் கடைசி ஆஃப்செட் முடிவைக் காட்டுவது.

இப்படி வார்த்தையில் எழுதினால் புரிந்த மாதிரி இருக்கும். எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுவது? அதற்குத்தான் பைட்டுகளைக் கொட்டிக் காட்ட வேண்டும். இரண்டே துண்டுகள், அ என்ற எழுத்தும் ஆ என்ற எழுத்தும். சுருக்கம் இல்லை:

1
12 0 0 0
15 0 0 0
18 0 0 0
224 174 133
224 174 134

மொத்தம் 19 பைட். முதல் ஆஃப்செட் 12, நான்கால் வகுத்தால் 3, துண்டுகள் 2. இனி 12-ஐக் கிளஸ்டரின் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். கிடைக்கும் மூன்று பைட்: 0 224 174. அ வராது, பட்டியலின் கடைசிப் பைட்டும் உடைந்த அ-வும் வரும். தகவல் பைட்டுக்கு அடுத்த பைட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால்தான் 224 174 133. ஏன் அப்படி என்பதும் உடனே விளங்கும்: சுருக்கப்பட்ட கிளஸ்டரில் அந்த முதல் பைட் விரித்த தரவில் இருக்கவே இருக்காது, ஆஃப்செட்டுகள் விரித்த தரவுக்குள் எண்ணப்படுபவை. சுருக்கம் இல்லாத கிளஸ்டரிலும் அதே விதி.

இதே கிளஸ்டரை ஸீ-ஸ்டாண்டர்டில் சுருக்கினால் முதல் பைட் 5, அடுத்தது 40 181 47 253 என்று தொடங்கும் ஓட்டம். நீட்டிக்கப்பட்ட வடிவில் சுருக்காமல் வைத்தால் முதல் பைட் 17, ஆஃப்செட்டுகள் 24, 27, 30.

பத்தொன்பது பைட்டுக்கு இவ்வளவு இடம் எடுத்தேன். உங்கள் ஆவணமும் எடுக்கட்டும். ஆவணத்தில் வேறு எந்த உதாரணமும் இல்லாமல் போனாலும், இப்படி ஒரு கோப்பு முழுசாக, ஒவ்வொரு பைட்டுக்கும் பெயர் சொல்லி இருந்தே தீர வேண்டும்.

படி 4: எண் அட்டவணை

ஒவ்வொரு முறைக்கும் ஓர் எண். அட்டவணையில் எண், பெயர், உறை, நிலை என்று நான்கு பத்தி போதும். நிலை என்பது கட்டாயம் ஆதரிக்க வேண்டியது, விருப்பம், பழையது, ஒதுக்கப்பட்டது என்பதில் ஒன்று.

பழைய எண்ணை ஒருபோதும் அழிக்காதீர்கள், வேறு முறைக்குக் கொடுக்காதீர்கள். ஸிம்மில் 2 ஸீலிப், 3 பிஜிப்2. இரண்டும் கைவிடப்பட்டவை, ஆனாலும் அட்டவணையில் கல்லறைக்கல் போல நிற்கின்றன. 1 சுருக்கம் இல்லை, 4 எக்ஸ்-இசட், 5 ஸீ-ஸ்டாண்டர்ட். ஜிப்பின் ஆப்நோட்டில் ஸீ-ஸ்டாண்டர்டுக்கு முதலில் கொடுத்த எண் 20. பின்னர் 93-க்கு மாற்றினார்கள். 20 இன்றும் அங்கே இருக்கிறது, 93-ஐப் பயன்படுத்து என்ற குறிப்போடு. இடைப்பட்ட நாளில் யாரோ 20 என்று எழுதிய கோப்பு எங்கோ ஒரு வட்டில் கிடக்கலாம். அதைத் திறப்பவருக்கு அந்த ஒற்றை வரி வேண்டும்.

அட்டவணையில் இல்லாத எண் வந்தால் டீகோடர் என்ன செய்ய வேண்டும்? கோப்பையே மறுக்கவா, அந்தத் துண்டை மட்டும் தாண்டவா? இரண்டுமே நியாயம்தான், ஏதாவது ஒன்றை எழுதிவிடுங்கள். டிஃப்ளேட்டில் தொகுதி வகை 3 ஒதுக்கப்பட்டது, வந்தால் பிழை. அவ்வளவுதான், விவாதமில்லை.

இந்த இடத்தில் மொழி பற்றி ஒன்று. ஆங்கில ஸ்பெக்குகளில் கட்டாயம், பரிந்துரை, அனுமதி என்பவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை 1997-ல் ஆர்எஃப்சி 2119 வகுத்தது. தமிழில் எழுதும்போது "டீகோடர் இதைப் புறக்கணிக்கும்" என்று எழுதத் தோன்றும். அது கட்டளையா, வழக்கத்தின் விவரிப்பா? சொல்ல முடியாது. "புறக்கணிக்க வேண்டும்", "புறக்கணிக்கக் கூடாது", "புறக்கணிப்பது நல்லது", "புறக்கணிக்கலாம்" என்ற நான்கில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதாகத் தொடக்கத்தில் அறிவித்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

படி 5: எங்கே முடிகிறது

சுருக்கிய நீளம், விரித்த நீளம் இரண்டும் எங்கே இருக்கின்றன, இல்லாவிட்டால் முடிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுங்கள். எண்களெல்லாம் லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புப் பைட் முதலில்) என்றால் ஒருமுறை தொடக்கத்தில் சொன்னால் போதும். ஸிம் கிளஸ்டரில் தகவல் பைட்டுக்குப் பிறகு நீள எண் எதுவும் கிடையாது. ஓட்டம் தன் முடிவைத் தானே அறிவிக்கும்.

ஜிப்பில் இது கொஞ்சம் சிக்கலான கதை. கோப்பின் ஹெடரில் 18-ம் பைட்டில் சுருக்கிய நீளமும் 22-ல் விரித்த நீளமும் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டே எழுதும் நிரலுக்கு நீளம் முன்கூட்டித் தெரியாது. அதற்காகக் கொடிகளில் 3-ம் பிட்டை (பூஜ்யத்திலிருந்து எண்ணி, மதிப்பு 8) வைத்து, நீளங்களைப் பூஜ்யமாக விட்டு, தரவுக்குப் பின்னால் ஒரு சிறு பதிவில் உண்மையான எண்களைத் தரலாம். அந்தப் பதிவுக்கு முதலில் அடையாளப் பைட்டுகள் கிடையாது. பலர் 80 75 7 8 என்று தாங்களே போடத் தொடங்கினார்கள். இப்போது ஆப்நோட் சொல்வது: இருந்தும் வரலாம், இல்லாமலும் வரலாம், டீகோடர் எழுதுபவர் இரண்டையும் எதிர்பார்க்க வேண்டும். முதல் நாளே முடிவு செய்திருந்தால் நான்கு பைட்டோடு போயிருக்கும் விஷயம்.

படி 6: செக்சம் எதன்மீது

சுருக்கிய பைட்டுகள் மீதா, விரித்த பைட்டுகள் மீதா? ஜிப்பின் சிஆர்சி-32 விரித்த தரவு மீது. ஸிம்மின் எம்டி5 கோப்பின் கடைசி 16 பைட். அதற்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றின் மீதும், சுருக்கிய நிலையிலேயே. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். முதலாவது விரித்தது சரியா என்று சொல்லும். இரண்டாவது கோப்பு முழுசாக வந்து சேர்ந்ததா என்று சொல்லும், ஒரு கிளஸ்டரை மட்டும் படிப்பவருக்கு உதவாது.

சிஆர்சி-32 என்று மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பெயரில் பல உருப்படிகள் உலவுகின்றன. பல்லுறுப்புக் கோவையை எழுதுங்கள், கூடவே ஒரு சோதனை மதிப்பும்: 123456789 என்ற ஒன்பது எழுத்து உரைக்கு, ஜிப்பில் பயன்படும் சிஆர்சி-32 தருவது 3421780262. தன் நிரலில் இந்த எண் வந்தவர் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

படி 7: எல்லைகள்

டிஃப்ளேட் பின்னோக்கிப் பார்க்கும் தூரம் அதிகபட்சம் 32768 பைட், ஒரு நகலின் நீளம் 3 முதல் 258. இந்த இரண்டு எண்களை வைத்து டீகோடருக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஸீ-ஸ்டாண்டர்டில் விண்டோ மிகப் பெரிதாகப் போகலாம். டீகோடர்கள் குறைந்தது 8 மெகாபைட் வரை ஆதரிப்பது நல்லது என்று ஆர்எஃப்சி பரிந்துரைக்கிறது. உங்கள் வடிவத்தில் என்கோடர் எதுவரை போகலாம் என்று நீங்கள் ஒரு உச்சவரம்பு வைக்காவிட்டால், பழைய கைப்பேசியில் ஓடும் செயலி ஒருநாள் திறக்க முடியாத கோப்பைச் சந்திக்கும்.

அடுத்து, வெடிகுண்டுகள்: சிறியதாக வந்து, விரிக்கும்போது நினைவகத்தை நிரப்பிவிடும் கோப்புகள். டிஃப்ளேட்டில் இரண்டு பிட் செலவில் 258 பைட் வரை பெறலாம், எனவே உச்ச விகிதம் 1032 மடங்கு. அடுக்கடுக்காக ஜிப்புக்குள் ஜிப் வைத்த 42 என்ற பெயர்பெற்ற கோப்பு 42 கிலோபைட்தான். கடைசி அடுக்கு வரை விரித்தால் 4.5 பெட்டாபைட். ஹெடரில் எழுதியிருக்கும் விரித்த நீளத்தை நம்பி நினைவகம் ஒதுக்கக் கூடாது, அந்த நீளத்தைத் தாண்டி விரிந்தால் நிறுத்த வேண்டும் என்று கட்டாய அத்தியாயத்திலேயே எழுதுங்கள். பின்னிணைப்பில் "பாதுகாப்பு" என்று தலைப்பிட்டு வைத்தால் படிக்க மாட்டார்கள். நானும் படித்ததில்லை.

படி 8: சோதனைக் கோப்புகள்

ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது ஒரு நல்ல கோப்பு, வேண்டுமென்றே கெடுத்த சில கோப்புகள்: பாதியில் வெட்டியது, செக்சம் மாறியது, தெரியாத முறை எண் கொண்டது, ஆஃப்செட் எல்லை தாண்டுவது, வெற்றுத் தரவு. வெற்றுத் தரவை மறந்துவிடாதீர்கள். ஜிப்பில் பூஜ்ய பைட் கோப்பை 8-ம் முறையில் எழுதும் என்கோடரும் உண்டு, 0-ம் முறையில் (சுருக்காமல்) எழுதுவதும் உண்டு.

இந்தக் கோப்புகளை எப்படி உருவாக்கினீர்கள் என்பதையும் படிக்கக்கூடிய நிரலாகச் சேர்த்து வையுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று வெளிப்பட்டது நினைவிருக்கும். எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்தார். அந்தத் தீநிரல் ஒளிந்திருந்த இடம் களஞ்சியத்திலிருந்த சோதனைக் கோப்புகள். கெட்ட சுருக்கத் தரவு என்றால் உள்ளே குப்பைதானே இருக்கும், யார் திறந்து பார்ப்பார்? எந்தப் பைட்டை ஏன் கெடுத்தோம் என்று ஒரு சிறு நிரல் சொல்லுமானால் அந்த இருட்டு மூலை இல்லாமல் போகும். படி 3-ல் பார்த்த பத்தொன்பது பைட் கோப்பு இதற்கு நல்ல தொடக்கம்: கையாலேயே எழுதலாம், கையாலேயே சரிபார்க்கலாம்.

படி 9: பரிந்துரை அத்தியாயம்

என்கோடர் எழுதுபவருக்கு நீங்கள் சொல்ல நினைத்ததெல்லாம் இங்கே வரலாம். ஜேபெக் படத்தை மறுபடி சுருக்குவதில் பயனில்லை, சுருக்காத கிளஸ்டரில் வையுங்கள் என்பது போன்றவை. எந்த நிலையில் சுருக்கினால் எவ்வளவு நேரம் என்பதும் இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: பரிந்துரை போலத் தோன்றும் சில கட்டாய விதிகள் உண்டு, அவற்றை இங்கே தள்ளிவிடாதீர்கள். இபப் மின்னூல் ஒரு ஜிப் கோப்பு. அதன் முதல் உருப்படி மைம்டைப் என்ற எட்டெழுத்துப் பெயர் கொண்டதாக, சுருக்கப்படாமல், கூடுதல் புலம் இல்லாமல் இருக்க வேண்டும். ஜிப் ஹெடர் 30 பைட், பெயர் 8 பைட். ஆக 38-ம் பைட்டில் இது மின்னூல் என்ற அறிவிப்பு வெறும் உரையாகவே இருக்கும். ஜிப் தெரியாத நிரல்கூட அந்த இடத்தைப் பார்த்துக் கோப்பு வகையை அறியலாம். சாதாரண ஜிப் கருவியால் மின்னூலைத் திரும்பக் கட்டுபவர்கள் உடைப்பது பெரும்பாலும் இந்த விதியைத்தான்.

படி 10: உரிமம், காப்புரிமை

சுருக்கமாக எழுதலாம், எழுதாமல் விடக் கூடாது. 1994 இறுதியில் எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறைக்கான காப்புரிமைக் கட்டணத்தை யூனிசிஸ் ஜிஃப் படங்களை எழுதும் மென்பொருள்களிடம் கேட்கத் தொடங்கியது. அந்தக் கொந்தளிப்பில் பிறந்ததுதான் பிஎன்ஜி, அது தேர்ந்தெடுத்தது டிஃப்ளேட். காப்புரிமைக்கு உட்படாத வழியில் செயல்படுத்த முடிவது ஆர்எஃப்சி 1951 தன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்தது. உங்கள் வடிவம் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும், ஆவணத்துக்கும், சோதனைக் கோப்புகளுக்கும் எந்த உரிமம் என்று ஒவ்வொரு வரி.

படி 11: வேறொருவரிடம் கொடுங்கள்

உங்கள் திட்டத்தில் இல்லாத, உங்கள் நிரலைப் பார்க்காத ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் எழுதிய மொழியைத் தவிர வேறு மொழியில் டீகோடர் எழுதச் சொல்லுங்கள். ஆவணமும் சோதனைக் கோப்புகளும் மட்டும் கையில். பக்கத்தில் உட்காராதீர்கள். "அண்ணே, இந்த ஆஃப்செட் எங்கேயிருந்து?" என்று கேட்டால் வாயால் பதில் சொல்லத் துடிக்கும். சொல்லாதீர்கள். ஆவணத்தைத் திருத்திவிட்டு, "இப்போது படித்துப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் கடைசியாக இப்படிச் செய்தபோது வந்த கேள்விகள் பதினான்கு. அதில் ஒன்பது படி 3-ஐச் சேர்ந்தவை. மூன்று, விரித்த நீளம் பூஜ்யமாக இருந்தால் என்ன என்பதன் வெவ்வேறு வடிவங்கள். ஒன்று எழுத்துப்பிழை. கடைசிக் கேள்விக்கு என் நிரலிலேயே பதில் இல்லை: ஒரே கிளஸ்டரில் இரண்டு சுருக்க ஓட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் விரிக்க வேண்டுமா, முதலாவதோடு நிற்கவா? நூலகம் ஒரு விதமாகச் செய்துகொண்டிருந்தது, நான் அதைத் தீர்மானித்ததே இல்லை. ஒன்றோடு நிற்க வேண்டும் என்று எழுதி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, அப்படி ஒரு கோப்பையும் கெட்ட கோப்புகள் வரிசையில் சேர்த்தேன்.